சாமி ஊட்டுக்கு வந்துருச்சுங்க

கர்த்தர் எனக்குச் செய்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பெடுத்துப் பழகிய வாய்க்குச் சுருக்கிச் சொல்ல வராது.

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என்னை நம்பி அனுப்பிய ஒரு பெண்பிள்ளையை நான் தொலைத்துவிட்டேன். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் வாய்க்கால். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அந்தக் கரையில் போய் நின்றேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாறுதல் வாங்கி எடப்பாடிக்குப் பக்கத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக ஜூன் மாதம்தான் வந்திருந்தேன். ஊர் நல்ல ஊர். ஆனால் இந்தப் பக்கத்துப் பேச்சு என் காதுக்குள் ஏறாது. வாய்க்கு வாய் ஒரு ‘ங்க’. திட்டுகிறார்களா, மரியாதை செய்கிறார்களா என்றே தெரியாமல் முழித்தேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவித்தார், வெள்ளிக்கிழமை வேறொரு ஊர் மைதானத்தில் குறுவட்ட விளையாட்டுப் போட்டி என்று. பெண்பிள்ளைகளோடு ஒரு டீச்சர் போக வேண்டும். புதிதாக வந்தவள் தலையில்தானே எதுவும் விழும்? விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கு ஆள் எடுத்தோம். ஆறாம் வகுப்புத் தாரணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாண்டிப் போனாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அவளுடைய அம்மா சரசு தறி ஓட்டுகிறவர், அப்பா இல்லை. புதன்கிழமை சத்துணவு அக்கா ஓடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் முட்டையைப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தார். அதற்குப் பையன்கள் ஒரு போராட்டமே நடத்தினார்கள். வியாழக்கிழமை பாதி நேரம் பயிற்சி, பாதி நேரம் விடைத்தாள் திருத்தல். பள்ளிக்கூடத்து வாரம் என்றால் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தாரணி நாலாவதாக வந்தாள். பரிசு இல்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். போட்டி முடிந்து ஒரே இரைச்சல். ஒலிபெருக்கி, விசில், ஐஸ்காரர் மணி. மற்ற பிள்ளைகள் சான்றிதழ் வரிசையில் நின்றார்கள். தாரணி மட்டும் வாசல் பக்கம் நின்றிருந்தாள்.

“தாரணி, இங்க வா!” என்று கத்தினேன்.

அவளும் அங்கிருந்து என்னவோ கத்தினாள். எனக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது. “வாரனுங்க டீச்சர்!”

“சரி, வா” என்றேன். வருகிறாள் என்று திரும்பிக்கொண்டேன். அவள் வரவில்லை.

கழிப்பறை, மேடை, ஐஸ் வண்டி, எல்லா இடமும் தேடிவிட்டோம். பையன்களோடு வந்திருந்த பி.டி. சார் சரசுவுக்குப் போன் போட்டார். தறிச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. நாலாவது முறைதான் எடுத்தார். சார் மெதுவாகத்தான் சொன்னார். “பதறாதீங்கம்மா, தேடிட்டுத்தானுங்க இருக்கறோம்.” அந்தப் பக்கம் எழுந்த அலறல் போனைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அப்போதுதான் யாரோ வாய்க்கால் என்றார்கள்.

ஓடினேன். கரையில் ஒரு குழந்தைச் செருப்பு கிடந்தது. அவளுடையது இல்லை, சின்னது. ஆனாலும் எனக்கு உயிர் போய்விட்டது. நான் ஜெபம் பண்ணினால் சபையில் எல்லாரும் ஆமென் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவார்கள், அவ்வளவு வார்த்தை வரும். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. புல்லில் அப்படியே உட்கார்ந்து, “ஆண்டவரே, பிள்ளையைத் தாரும். பிள்ளையைத் தாரும்” என்று மட்டும் அழுதேன். வேறு ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை.

பொழுது சாய்கிற நேரம் என் போன் அடித்தது. சரசு. எடுக்கவே பயம். எடுத்தால், ஒரே கூச்சல், அழுகை.

“டீச்சர்! சாமி வந்துருச்சுங்க! சாமி ஊட்டுக்கு வந்துருச்சுங்க!”

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஊரில் சாமி வந்துவிட்டது என்றால் யாரோ மேல் இறங்கி ஆடுகிறது என்று அர்த்தம்.

“ஏம்மா, பிள்ளையைக் காணும்னு நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். அங்க யாருக்குச் சாமியாட்டம்?”

“ஐயோ, அந்தச் சாமி இல்லீங்க டீச்சர். நம்ம சாமிங்க! தாரணிச் சாமி! பஸ்ஸு பஞ்சராயி இப்பத்தானுங்க வந்து எறங்குச்சு.”

பிள்ளையைத்தான் இந்த ஊரில் சாமி என்கிறார்கள்! நான் கரையிலேயே சிரித்தேன், அழுதேன். பி.டி. சார் எனக்கும் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

திங்கட்கிழமை தாரணி பாவம்போல வந்து நின்றாள். “உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்க டீச்சர் போனேன். எங்கூர் பஸ் வந்துருச்சு, வாரனுங்கன்னேன். நீங்களும் சரி, வான்னீங்க.”

போகிறதற்கே ‘வாரேன்’ என்று சொல்வது நம் தமிழ். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் அது உறைக்கவில்லை. அந்த வண்டியை விட்டால் அடுத்தது இருட்டித்தான் என்று பிள்ளை ஏறிவிட்டாள்.

பி.டி. சாருக்குக் குறும்பு அதிகம். “ஏனுங்க டீச்சர், நீங்க அழுது ஜெபம் பண்ணும்போதே புள்ள பஸ்ஸுல சன்னல் சீட்டுலதானுங்க உக்காந்திருந்துச்சு?” என்றார்.

“ஆமா சார். நான் கேக்கதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு” என்றேன்.

சரசுவும் பள்ளிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டனுங்க” என்றார். நானும் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். என் ஆண்டவர் எங்கள் இரண்டு பேர் அழுகையையும் கேட்டார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

அதுவரை நேரம் மிச்சம் என்று வரிசை எண்ணைச் சொல்லித்தான் வருகை எடுப்பேன். அன்று முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். “தாரணி” என்றேன். “உள்ளேன் டீச்சர்” என்றாள். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் வாழ்க்கையிலும் கரை தொட்டு ஓடும் தண்ணீர் முன்னால் நிற்கிற நேரம் வரலாம். அழகான வார்த்தை கிடைக்கவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை போதும், கேளுங்கள். என் வகுப்பில் இப்போது ஒவ்வொரு பெயரும் ஒரு ஜெபம், ஒவ்வொரு ‘உள்ளேனு’ம் அதற்குப் பதில். யாராவது வரவில்லை என்றால் முதலில் ஜெபம் பண்ணுகிறேன், உடனே அந்த வீட்டுக்குப் போன் போடுகிறேன். “சாமி எங்கம்மா?” என்றுதான் கேட்கிறேன்.