கஜனி ஏணியை இழுத்துக்கொண்ட நாள்

ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் கஜனி என்று கேட்டால் பலருக்கு விளங்காது. "கல்லு வேலைக்குப் போற பிள்ளை" என்றால் வீட்டைக் காட்டுவார்கள். நாற்பத்திமூன்று வயதுப் பெண். வங்கி வேலையை உதறிவிட்டுப் பழைய கட்டடங்களைச் செப்பனிடப் போனவர். அயர்லாந்தில் ஆயிரம் வருடப் பழைமையான வட்டக் கோபுரம் ஒன்றில் ஒரு கோடை முழுக்க வேலை செய்தவர்.

ரொறன்ரோவின் கிழக்கே ஒரு தேவாலயத்தில் அதே வடிவில் ஒரு கோபுரம் நிற்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியது. மேலே போகப்போக ஒடுங்கும், கூம்புக் கூரை, வாசல் நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில். அதன் கற்கள் உதிரத் தொடங்கியிருந்தன. எப்போதோ யாரோ கல்லிடுக்குகளைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி, குளிரில் உறைந்து கல்லை வெடிக்க வைத்தது.

கஜனியை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் மரியோ மறுபடியும் சீமெந்தே போடச் சொன்னார். கஜனி கேட்டது ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புச் சாந்து; அது இறுக நாளெடுக்கும், பனி வரமுதல் முடியாது என்றார்.

"சீமெந்து போட்டால் கோபுரம் இன்னும் இருபது வருடம்கூட நிற்காது" என்றார் கஜனி.

"அப்போது நான் ஓய்வில் இருப்பேன்" என்று மரியோ சிரித்தார்.

உள்சுவரில் வேலை தொடங்கும் காலை, கீழே சீமெந்து மெஷின் சுழன்றது. கஜனி ஏணியில் ஏறி வாசலுக்குள் போனார். பிறகு ஏணியையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மரியோ கத்தியபடி இன்னொரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். கஜனி அதையும் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, வேலை போகப்போகுது. இறங்குங்கோ" என்று கெஞ்சினான் கூட வேலை செய்யும் நிசாந்தன்.

"போனால் போகட்டும். கோயில்காரர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இறங்கமாட்டன்."

மதியம் தேவாலயக் குழுத் தலைவர் கிளிபோட் வந்தார். அவருக்கு மட்டும் ஏணி இறங்கியது. எழுபது வயது மனிதர் மூச்சு வாங்க ஏறினார். கஜனி உளியால் பழைய சீமெந்துத் துண்டொன்றைப் பெயர்த்தார். பின்னாலிருந்து தண்ணீர் கசிந்தது. அங்கிருந்த கல் கிளிபோட்டின் விரல்களுக்குள் மாவாக உதிர்ந்தது. அவர் வாசலில் நின்று கீழே பார்த்தார்.

"மெஷினை நிறுத்துங்கள்!"

மரியோ அன்றே கஜனியை வேலையிலிருந்து நீக்கினார். கோபுரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்தது. வசந்தத்தில் குழு கஜனியிடமே வேலையை ஒப்படைத்தது. "நிசாந்தனும் வருவான்" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஐந்து மாதங்கள், அடி அடியாக, சுண்ணாம்புச் சாந்தில் முடித்தார்கள்.

போன மாதம் மரியோ அழைத்தார். பழைய பள்ளிக்கூடம் ஒன்று கிடைத்திருக்கிறதாம், வரமுடியுமா என்று கேட்டார்.

"சுண்ணாம்பா, சீமெந்தா?"

"சுண்ணாம்புதான்."

"எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் கஜனி.