வலி இல்லை என்று சொன்ன கால்

"நோயாளி தானாக நடக்கிறார். எனவே உள்நோயாளியாகத் தங்க மருத்துவத் தேவை இல்லை."

காலை பதினொரு மணிக்கு என் கம்ப்யூட்டரில் வந்து நின்ற பதில் இது. இங்கிலீஷில் வந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான். அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே ஒரு பெண்மணியின் வலது கால் இருந்தது. அது தெரியாமல் திரை தன்பாட்டுக்கு வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் கேஸ் மேனேஜர். "டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. அப்ப இன்னாதான் பண்ற அங்க?" என்று என் நாத்தனார் பல வருடமாகக் கேட்கிறார். இதுதான் பண்ணுகிறேன்: நோயாளிக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இத்தனை நாள் தங்க வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். ஏன் வேண்டும், வீட்டிலிருந்தபடியே செய்ய முடியாதா என்று காப்பீட்டுக் கம்பெனி கேட்கிறது. அந்த 'ஏன்' என்பதற்குத்தான் மெடிக்கல் நெசசிட்டி என்று பெயர். கேஸ் ஷீட்டைப் படித்து, ஸ்கேன் செய்து, பதில் எழுதி அனுமதி வாங்குவது என் வேலை. வலிக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது என்பதால் பொருந்திவிட்டது.

1. ஒரு வரி

அந்தப் பெண்மணியின் பெயர் கஸ்தூரி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகச் சின்னக் கடை. சூடம், தேங்காய், தண்ணீர் பாட்டில். சர்க்கரை வியாதி வந்து வருடங்கள் ஆகின்றன. வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு கடைக்கும் சரக்கு வண்டிக்கும் நடந்ததில் உள்ளங்காலில் கொப்புளம் கட்டி, உடைந்து, சீழ் வைத்துவிட்டது. நாற்றம் வந்த பிறகுதான் மகள் ரேவதி கண்டுபிடித்து அழைத்துவந்தார். ரேவதி வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த காப்பீட்டில் அம்மாவின் பெயரும் இருந்தது.

சர்ஜன் புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார். நான்கு நாளைக்கு அனுமதி வாங்கினோம். காய்ச்சல் விட்டது. ஆனால் ஆழத்தில் இன்னும் சீழ் இருக்கிறது, இரண்டாவது முறை சுத்தம் செய்ய வேண்டும், ஊசி மருந்து தொடர வேண்டும், முக்கியமாகக் கால் தரையில் படவே கூடாது என்று எழுதினார். மேலும் ஒரு வாரத்துக்கு அனுமதி கேட்டு அனுப்பினேன். அதற்குத்தான் அந்தப் பதில். ஆதாரமாக அவர்கள் காட்டியது நாங்களே அனுப்பிய நர்சிங் நோட்ஸில் முந்தின நாள் மாலை எழுதப்பட்ட ஒரு வரியை: 'நோயாளி யாருடைய உதவியும் இல்லாமல் வராந்தாவில் பலமுறை நடந்தார்.'

ஓ.பி.யில் இருந்த சர்ஜனிடம் ஓடினேன். அவர் பிரிண்ட்டைப் படித்துவிட்டு மெதுவாக மடித்தார்.

"வீட்டுக்குப் போனா இவங்க நடப்பாங்க மேடம். கடை இருக்குல்ல. நடந்தா சீழ் எலும்புக்குப் போயிடும். அதுக்கப்புறம் நான் பாதத்தைப் பத்திப் பேச மாட்டேன். முட்டிக்குக் கீழ எந்த இடத்துல எடுக்கறதுனு பேசுவேன்."

வார்டுக்குப் போனால் கஸ்தூரி அதற்குள் துணிப்பையைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டார். ரேவதி முகம் கறுத்து நின்றிருந்தார்.

"இன்னா மேடம், கம்பெனியில போகச் சொல்லிட்டாங்களாமே. அப்ப கெளம்புறோம். எனக்கும் ஒன்னும் இல்ல. கடைய வேற சாத்திட்டு வந்திருக்கேன்."

"அம்மா, சும்மா இரும்மா நீ," என்றார் ரேவதி.

சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

2. தாளின் பின்பக்கம்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பே பொய்.

நான் நேராக நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த வரியை எழுதிய சிஸ்டர் கலைவாணி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். பேச்சு கம்மி.

"சிஸ்டர், அந்த நடந்தாங்கன்ற வரிய கொஞ்சம் மாத்தி எழுத முடியுமா? ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நடந்தாங்கனு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. ஊசிக்குள் இருந்த காற்றைத் தட்டி வெளியேற்றினார்.

"நான் பாத்ததத்தான் மேடம் எழுதியிருக்கேன். யாரும் புடிக்கல. அவங்களேதான் நடந்தாங்க." ஊசியைத் தட்டில் வைத்தார். "நீங்க பின்னாடி படிச்சீங்களா?"

"எதுக்குப் பின்னாடி?"

"தாளுக்குப் பின்னாடி."

படிக்கவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் மருத்துவமனை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரவெல்லாம் மலையைச் சுற்றிச் சுருண்டு விழுந்தவர்கள், கால் சுளுக்கியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். மேஜையில் ஃபைல்கள் ஒன்றின் மேல் ஒன்று. இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்தால் மெஷின் மாட்டிக்கொள்கிறது என்று முன்பக்கத்தை மட்டும் ஓட விட்டிருந்தேன்.

திருப்பினேன். அதே நீல மையில், அதே நிதானமான கையெழுத்தில் இருந்தது: 'கட்டு முழுவதும் ரத்தத்தில் நனைந்துள்ளது. தரையில் ரத்தக் காலடி. வலி உள்ளதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். டியூட்டி டாக்டருக்குத் தெரிவித்தேன்.'

முன்பக்கம் மட்டும் படித்தால் தேறிவிட்ட ஒரு மனுஷி. திருப்பிப் படித்தால், தன் காலையே தெரியாத ஒரு மனுஷி. நான் பாதி மனுஷியைத்தான் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். அதோடு நிற்காமல், முழுசாக எழுதிய ஒரே ஆளிடம் போய்ப் பொய் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்," என்றேன்.

"பரவால்ல மேடம். மொதல்ல அதை அனுப்புங்க," என்றார்.

3. யாரைச் சுற்றினார்

அனுப்புவதற்கு முன் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். அந்த நோயாளியோடு உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நான்கு நாள் அவருடைய ஃபைலோடு மட்டும் பேசியிருக்கிறேன்.

"கால் கீழ வைக்கக் கூடாதுனு டாக்டர் சொன்னாரே. எதுக்குமா நேத்து நடந்தீங்க?"

கஸ்தூரி மகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து பௌர்ணமி மேடம். இவளுக்கு வேல கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டு மலைய சுத்த ஆரம்பிச்சேன். கெடச்சப்புறமும் நிறுத்தல. ஒரு பௌர்ணமி உட்டதில்ல. இங்க படுக்க வச்சிட்டீங்க. நான் இன்னா பண்றது?"

எங்கள் வார்டில் நர்ஸ் ஸ்டேஷன் நடுவில், சுற்றி வராந்தா, அதைச் சுற்றி அறைகள். அவர் செருப்பைக் கட்டிலடியில் விட்டுவிட்டு, வலப்பக்கமாகவே சுற்றியிருக்கிறார். கடைசித் திருப்பத்தில் மலை தெரிகிற ஜன்னல் வரும்போதெல்லாம் நின்று கும்பிட்டிருக்கிறார்.

"நர்ஸ் ஸ்டேஷனையா சுத்துனீங்க?"

"மலையத்தான் சுத்துனேன். நடுவுல சிஸ்டருங்க ஒக்காந்திருந்தாங்க, அவ்ளோதான்."

ரேவதிக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகிவிட்டது.

சர்ஜன் வந்தார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, தூரிகை முடி போல மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். கஸ்தூரியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நல்ல தோல் இருக்கும் இடங்களில் ஒவ்வொன்றாகத் தொட்டார். "தெரிஞ்சா சொல்லுங்க." விரல் நுனி, பெருவிரலடி, குதிகால். கஸ்தூரி காத்திருந்தார். "எப்ப சார் தொடப் போறீங்க?" என்று கேட்டார். அவர் எட்டு இடம் தொட்டு முடித்திருந்தார்.

அந்தச் சோதனையின் முடிவையும், தாளின் பின்பக்கத்தையும், கட்டின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். மூன்று மணிக்குக் காப்பீட்டுக் கம்பெனியின் டாக்டரே போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்; சர்ஜனும் பக்கத்தில் இருந்தார்.

"மேடம், காலையில ஒரு பேப்பர், இப்ப ஒரு பேப்பர் அனுப்புறீங்க. நடந்தாங்களா, இல்லையா?"

"நடந்தாங்க சார். காலையில பின்பக்கத்தை அனுப்பாதது என் தப்பு."

"பேஷன்ட்கிட்ட பேசலாமா?"

இந்த அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். போனைக் கட்டிலுக்கு எடுத்துப் போனேன்.

"அம்மா, வலி எப்படி இருக்கு?"

"வலியே இல்ல சார். நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?"

ரேவதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சர்ஜன் என்னைப் பார்த்து, பேசாதீங்க என்று கையைக் காட்டினார்.

"சரிம்மா. நேத்து நடக்கும்போது தரை எப்படி இருந்துச்சு? சில்லுனு இருந்துச்சா?"

கஸ்தூரி யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தரையே தெரியல சார். பஞ்சு மேல நடக்கிறாப்புல இருந்துச்சு. ரெண்டு வருசமா அப்டித்தான். சாமி தாங்கிப் புடிச்சிக்கினு போறாருனு நெனச்சேன்."

போனில் பேனா மூடுகிற சத்தம் கேட்டது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"டாக்டர் இருக்காரா? சார், ரெண்டாவது ப்ரொசீஜர் நாளைக்கே பண்ணிடுங்க. ஒரு வாரம் அப்ரூவ் பண்றேன். ஜாஸ்தி வேணும்னா எழுதுங்க. மேடம், நல்லா படிச்சிட்டு அனுப்புங்க."

அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் அவர் மேஜையில் விழுமோ. வேண்டாம் என்று ஒருமுறை எழுதிவிட்ட பிறகு, போனை எடுத்துத் தரை எப்படி இருந்தது என்று கேட்க ஒரு மனசு வேண்டும். எத்தனையோ நாள் நான் திட்டியிருக்கிற மேஜை அது. அன்றிலிருந்து திட்டும்போது கொஞ்சம் குரலைக் குறைத்துக்கொள்கிறேன்.

4. பிறகு

சுண்டுவிரல் போனது. பாதம் நின்றது. கஸ்தூரி பதினோராம் நாள், சர்க்கரைக் காலுக்கென்று செய்கிற மெத்தென்ற செருப்போடு வீட்டுக்குப் போனார். கிரிவலம் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாதே என்று அவருக்கும் எங்களுக்கும் வாசலில் ஒரு சண்டை நடந்தது. "அது எனக்கும் சாமிக்கும் உள்ள வழக்கு, நீங்க தலையிடாதீங்க" என்று தீர்ப்பும் அவரே சொன்னார்.

நான் கற்றது இவ்வளவுதான். நடக்கிறார், சாப்பிடுகிறார், வலி இல்லை என்பதெல்லாம் பதில்கள் மாதிரி இருக்கும், அவை கேள்விகள். வலி இல்லை என்றால் ஏன் இல்லை என்று ஒரு தடவை கேளுங்கள். ஃபைலைத் திறப்பதற்கு முன் கட்டிலருகே ஐந்து நிமிடம் உட்காருங்கள். உங்களுக்கு வசதியாக ஒரு நர்ஸ் எழுதவில்லை என்றால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், லாரி ஓட்டுகிற ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். நன்றாக நின்றார், நன்றாக நடந்தார். முகத்தில் எரிச்சல்.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க. அடி அண்ணாமலையில ஒரு கடைக்காரம்மா. தண்ணி பாட்டில் வாங்கப் போனா, தண்ணி அப்புறம், மொதல்ல காலைக் காட்டுன்றாங்க. குச்சால குத்துறாங்க. தெரியுதா, தெரியுதானு ஒரே ரோதனை. இங்க வந்து உங்களப் பாத்தாத்தான் தண்ணி குடுப்பேன்னுட்டாங்க."

"தெரிஞ்சுதா?"

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.