வெளியே வந்த வெள்ளைக் கோடு

அவரைச் சோப்புத்தண்ணி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காற்றழுத்தத்தால் உயரமும் விறைப்பும் மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் உள்ள கார்களில் எங்கே காற்று கசிந்தாலும், குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, குமிழ் வரும்வரை அசையமாட்டார். அவர் அடைத்த கசிவு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதில் மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கனம்.

பட்டறை அவருக்கும் தம்பிக்கும் பொது. அவர் காருக்கு அடியில். வாய்ச்சாலகம் உள்ள தம்பி வாசலில், வாடிக்கையாளர்களோடு.

போன மாதம் பிடித்தது சனி. அவர் சரிசெய்து அனுப்பிய இரண்டு கார்கள், பின்பக்கம் தரைதட்ட உட்கார்ந்தபடி திரும்பி வந்தன. இரண்டிலும் காற்றுக்குழாய் இணைப்பிலிருந்து நழுவியிருந்தது.

"வயசாகுதுல்லண்ணே, விடு," என்றான் தம்பி. அவரும் நம்பினார். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது டீச்சரம்மாவின் கார். அவர் குழாயை முழுக்கச் செருகி, அது நகர்ந்தால் தெரியும்படி, இணைப்பின் விளிம்பையொட்டிக் குழாயின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றே நாளில் அதுவும் திரும்பியது.

இணைப்புக்குள் குழாயைக் கவ்விப் பிடிக்கும் பற்கள் உண்டு. அதன் வளையத்தை விரலால் அழுத்தினால்தான் குழாயை விடும். தானாக நழுவினால் குழாயில் கீறல் விழும். கோடு ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது, கீறலோ ஒன்றுகூட இல்லை. அவர் முடித்த பிறகு அதைத் தொட்டவன், ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்த தம்பி மட்டும்தான்.

"நீதானாடா?"

தம்பி மறுக்கவில்லை. "என் சகலையைத் தொழில்ல சேத்துக்கணும்ணே. உன்ன எப்படி வெளிய போன்னு சொல்றது? நீயே போறேன்னு சொல்லுவேன்னு பாத்தேன்."

வாய்விட்டுக் கேட்டிருந்தால் பட்டறையையே விட்டுக்கொடுத்திருப்பார். கூடப் பிறந்தவன், தன் கையையே தான் நம்பாதபடி செய்துவிட்டானே!

முந்தைய இரண்டு கார்களின் கதையைக் கேள்விப்பட்டிருந்த டீச்சரம்மா உள்ளே வந்தார். "என்னங்க, இதுவும் உங்க தப்புதானா?"

தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். சின்ன வயதில் அவன் உடைத்ததற்கெல்லாம் 'நான்தான்' என்று முன்னால் போய் அடி வாங்கியவர் அவர்.

"இல்லம்மா," என்றார். "நான் சரியாத்தான் மாட்டினேன். கழட்டிவிட்டது என் தம்பி."