காத்திருக்கச் சொன்ன மூன்று நிமிடங்கள்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஜெபக்கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும், அவருடைய தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா தபால்காரர். ஐந்து பிள்ளைகளில் அக்காதான் மூத்தவர். அப்பாவுக்குக் காசநோய் கண்டு படுத்துவிட்டபோது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அக்கா மஞ்சக்குப்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஆபரேட்டர்தான் பலகையில் பிளக்கைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை வைத்துத்தான் அக்கா எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார்.

சிதம்பரத்தில் ஆசிரியராக இருந்த ஒருவருக்கு அக்காவை நிச்சயம் செய்தார்கள். ஆலயத்தில் திருமணத்தை மூன்று ஞாயிறு அறிவிக்கும் ஓலையும் இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மொட்டைக் கடிதம்.

“ராத்திரி டூட்டி பாக்குற பொண்ணாம். போன்ல ஆம்பளைங்களோட சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதாம். எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுங்க.”

அம்மா மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: “யாரோ எழுதுனத நம்பி வந்து நிக்கிறீங்களே தம்பி. நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அவர் தரையைப் பார்த்தபடியே தாயாரின் பின்னால் படியிறங்கிப் போனார்.

அந்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படாதபோது சபை முழுவதும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அக்கா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆனால் அன்றுமுதல் கர்த்தருடைய ஜெபத்தில், பிறரை மன்னிப்பது பற்றிய வரி வரும்போது அவர் உதடுகள் மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் அது தெரியும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மன்னிச்சிட்டேன்னு ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியாடி?” என்றார்.

அந்த மனிதருக்கு வேறு இடத்தில் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்டுகள் அக்காவின் உதடுகள் அந்த வரியில் திறக்கவில்லை.

பிறகு ஓர் ஐப்பசிப் புயல். இனி எழுதுவது அக்காவே என்னிடம் சொன்னது. கம்பிகள் அறுந்துபோய், சிதம்பரத்துக்கு ஒரே ஒரு லைன்தான் மிஞ்சியிருந்தது. வெள்ள நேரம் என்பதால் அரசாங்க அழைப்புகளுக்கே முதலிடம் என்று உத்தரவு. மூன்று அழைப்புகள் வரிசையில் நின்றன. பிற்பகல் மூன்று மணி இருக்கும். சிதம்பரத்திலிருந்து ஒருவர் இரைச்சலுக்கு நடுவே கத்தினார்.

“கடலூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் குடுங்கம்மா! என் சம்சாரத்துக்குக் கொழந்த பொறந்து ரத்தம் நிக்கல. இங்க டாக்டரு இல்ல, நர்சு மட்டுந்தான் இருக்காங்க.”

விதிப்படி அக்கா பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். அதே பெயர், அதே குரல். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை.

“அரசாங்க கால் இருக்கு. காத்திருங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா அவரைத் துண்டித்து, வரிசையில் முதலில் இருந்த அதிகாரிக்கு லைனைக் கொடுத்தார். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம். யாரும் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னபோது தனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது என்றும், அதைக் கண்டு தனக்கே பயமாகிப்போனது என்றும் அக்கா என்னிடம் சொன்னார். அடுத்த இரண்டு அழைப்புகளையும் வரிசைப்படியே கொடுத்துவிட்டால் போதும். தான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அந்த நினைப்பு இனித்ததாம்.

கண்ணை மூட முடியாது. பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த கண்ணோடு ஜெபித்தார். “ஆண்டவரே, எனக்கு இவங்க மேல இரக்கம் வரல. வந்த மாதிரி நடிக்கவும் முடியல. உம்ம இரக்கத்தக் குடும். என் கையப் புடிச்சிக்கும்.” இவ்வளவுதான். மனதில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் கை அடுத்த அரசாங்க அழைப்புக்குப் போகவில்லை என்றார்.

மூன்று நிமிடம் முடிந்ததும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். எல்லாரும் பாய் என்று அழைக்கும் பெரியவர் அவர்.

“பாய், அரசாங்க கால் ரெண்டு நிக்குது. அத நிறுத்திட்டு ஒரு பிரசவ கேசு போடணும்.”

“மெமோ வந்தா எனக்கு வரட்டும். போடும்மா!”

இணைப்பு கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பேசுவது சிதம்பரத்துக்கு எட்டவில்லை. அந்தக் கணவர் கத்துவது டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இருவருடைய பேச்சும் அக்காவுக்கு மட்டும் ஓரளவு கேட்டது. ஆகவே நடுவில் நின்று, டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொரு சொல்லாக அக்காவே உரக்கச் சொன்னார்.

“கட்டில் கால்மாட்டுக்குச் செங்கல் வச்சி ஒசத்துங்க... நர்ச அடிவயித்த அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க... கைய எடுக்கக்கூடாதாம்...”

அவர் உள்ளே திரும்பி நர்ஸிடம் அதைக் கத்தினார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, திடீரென்று நிறுத்திவிட்டார்.

“நீங்க... முதுநகர்...”

“சார், டாக்டர் காத்திருக்காங்க. ரத்தம் கொறஞ்சுதா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் நர்ஸிடம் கேட்டுவிட்டு, அழுகையோடு, “கொறையுதுங்க” என்றார்.

டாக்டரம்மா ஜீப்பில் வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தாய் பிழைத்தார். பெண் குழந்தையும் நலம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அக்கா அந்த வரியைச் சொல்லும் குரல் என் காதில் விழுந்தது. அதோடு அவர் விடவில்லை. தை பிறந்ததும் என்னை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். “நல்லதுதான நடந்துது, எதுக்குக்கா?” என்றேன். “ஒதவி பண்ணேன்னு மட்டும் அவுங்க நெனச்சிக்கிட்டிருந்தா, அதுவும் பொய்தான்” என்றார்.

குழந்தையின் தாயாகிய அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. நான் அக்காவின் கையைப் பிடித்து, “போயிடலாம்க்கா” என்றேன். அக்கா அசையவில்லை. கடைசியில் அந்த அம்மா சிவந்த கண்களோடு வந்து, குழந்தையை அக்காவின் மடியில் வைத்தார்.

“புடிங்க. டீ போட்டுட்டு வரேன்.”

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். புற்றுநோயின் வேதனையிலும் பொறுமை இழக்காமல் இருந்தார். கடைசி வாரத்தில் என்னிடம், “மலருல என்னப் பெரிய புண்ணியவதின்னு எழுதிடாத. காத்திருங்கன்னு சொன்னதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், அடக்க நாளில் தோள் கொடுத்த முதுநகர்ப் பிள்ளைகளுக்கும், வயது பாராமல் நடந்து வந்து கல்லறைவரை நின்ற பாய் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி.

சிதம்பரத்து அம்மா அன்று தம் மகளோடு முதல் பஸ்ஸிலேயே வந்து, எங்களோடு சேர்ந்து அக்காவைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்திவிட்டார். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதும்மா. எம் பேர மட்டும் போடாத” என்றார். பெயரைப் போடவில்லை, அம்மா. எங்கள் நன்றியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.