பாய் சுருட்ட வந்த ஐந்து லாமின்கள்

மருதமுனையில் ஒரு குழந்தைக்குப் பெயர் தேவைப்பட்டால் பெற்றோர் முதலில் போனில் தேடுவார்கள். பிறகு போனை மூடி வைத்துவிட்டு ஸில்மியா டீச்சரின் கேற்றைத் தட்டுவார்கள். போனுக்கு ஆயிரம் பெயர் தெரியும். அந்த ஆயிரத்தில் எது பின் வீதியில் ஏற்கெனவே மூக்கு வடிய ஓடித் திரிகிறது என்பது அதற்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு நேசரி நடத்துகிறவர். அத்தனை வருட வரவு இடாப்புகளும் அவர் வீட்டு அலுமாரியில் அடுக்கி இருக்கின்றன. அவற்றுக்கு மேல் ஒரு தடித்த சீஆர் கொப்பி. அதில் அவர் சேர்த்த பெயர்கள், பக்கத்தில் அர்த்தம். ஒரு பெயரை ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததும் அதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. கோடு விழுந்த பெயர் பிறகு எவருக்கும் கிடையாது. மந்திரியே வந்து கேட்டாலும் கிடையாது.

இந்தக் கரையோரத்து ஆட்களை ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். வீட்டைப் பக்கத்து வீட்டைப் போலவே கட்டுவார்கள். கேற்றுக்கு எதிர்வீட்டுப் பெயின்ற். கல்யாணச் சாப்பாடு போன கிழமை சாப்பிட்ட அதே சாப்பாடு. பிள்ளையின் பெயர் மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் இருக்கக் கூடாது. டீச்சரிடம் வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். அர்த்தம் நல்லதா? அறபுதானா? ஊரில் யாருக்கும் இல்லையே? முதலிரண்டும் ஒப்புக்கு. உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது.

கொப்பியின் கடைசித் தாள் மடித்து மூன்று ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு பெயர். தன் மகள் றுஸ்னாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவளுக்குப் பிறக்கப்போகும் முதல் ஆண்பிள்ளைக்கென்று டீச்சர் எழுதிப் பூட்டிய பெயர். அதை ஊரே அறியும். பெயரைத்தான் எவரும் அறியார்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பிற்பகல் நிப்றாஸ் வந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. சேர்ட் பையில் இரண்டு பேனை. மூன்றாவது பிள்ளை பிறந்து மூன்று நாள். ஏழாம் நாள் தலைமுடி களைந்து பெயர் வைக்க வேண்டும்.

"மூத்தது லம்ஹா, மத்தது லுக்மான். இதுக்கும் 'ல'வுலதான் வேணும் டீச்சர். ஒருத்தருக்கும் இரிக்கப்படாது. முந்தி எங்கட வகுப்புல நிப்றாஸ் மட்டும் நாலு பேர். ஒருத்தன் கண்ணாடிய ஒடச்சா நாலு பேருக்கும் அடி."

அவருடைய வலி டீச்சருக்குப் புரிந்தது. ஆனால் 'ல' வரிசை முழுக்கச் சிவப்புக் கோடு. அப்போதுதான் கணவர் பாயிஸ் கட்டாரிலிருந்து கொண்டுவந்த கதையொன்று நினைவுக்கு வந்தது. பாயிஸ் பதினொரு வருடம் ஒரு கம்பனியின் ஸ்டோரில் வேலை செய்தவர். அவரோடு ஒரே அறையில் இருந்தவன் காம்பியா நாட்டுக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சின்னக் கெற்றிலில் பச்சைத் தேயிலை போட்டு, உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி நுரை கிளப்பி, ஒரு மிடறு தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் மினைக்கெடுகிற பொறுமைசாலி. பெயர் லாமின்.

"லாமின்" என்றார் டீச்சர்.

நிப்றாஸ் அதை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "என்ன அர்த்தம்?"

"நம்பிக்கையானவர். மேற்கு ஆபிரிக்காவுல வைக்கிற பேர். அடி அறபுதான்."

"ஊர்ல?"

"கல்முனையில இரிந்து பொத்துவில் வரைக்கும் தேடுங்க. ஒரு லாமினக் கண்டா எனக்கிட்டக் கூட்டி வாங்க."

இதில் டீச்சர் ஒன்றை விழுங்கிவிட்டார். அல்அமீன் என்பதுதான் பாலைவனம் தாண்டி, வியாபாரிகளோடு நடந்து, மேற்கு ஆபிரிக்காவில் லாமின் ஆகியது. அமீன் என்ற பெயரில் மருதமுனையில் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி, இரண்டு முச்சக்கர வண்டிச் சாரதிகள், ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர் இருக்கிறார்கள். அமீன் என்று கொடுத்திருந்தால் நிப்றாஸ் எழும்பிப் போயிருப்பார். அதே அமீன் வெளிநாடு போய் வந்ததும் கட்டித் தழுவிக்கொண்டார். வெளிநாடு போய் வந்தவருக்கு இந்தக் கரையில் உள்ள மரியாதை பெயருக்கும் உண்டு என்பது டீச்சருக்கு முன்பே தெரியும்.

சிவப்புக் கோடு விழுந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளை கொழுத்தான். கிளினிக்கில் நடந்த குழந்தைப் போட்டியில் முதற்பரிசு வாங்கினான். தொடை மடிப்பும் பரிசுக் கிண்ணமுமாக அவன் படம் பேஸ்புக்கில் ஏறியது, கீழே பெயர். மாதம் ஆறு போகவில்லை, சாய்ந்தமருதில் ஒரு லாமின். நற்பிட்டிமுனையில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் லாமின். மற்றவனின் பெயர் எவருக்கும் ஞாபகமில்லை. ஒவ்வொரு தகப்பனும் அந்தப் பெயரைத் தானே கண்டெடுத்ததாகச் சொன்னார். ஒருவர் கனவில் கண்டதாகவும் சொன்னார்.

டீச்சர் அசரவில்லை. "அது சாய்ந்தமருது. நான் எங்கட ஊருக்குத்தானே பொறுப்பு" என்றார். மருதமுனையிலேயே ஒன்று பிறந்தபோது, "அது மற்ற வட்டாரம்" என்றார். பொத்துவில் வரை நீண்டிருந்த அவருடைய உத்தரவாதம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நேசரி மதிலுக்குள் வந்து நின்றது.

இந்த ஜனவரியில் அந்தப் பெயர் மதிலையும் தாண்டி உள்ளே குதித்தது. நிப்றாஸின் மகன் அங்கே இரண்டாம் வருடம். புதிதாகச் சேர்ந்தவர்களில் நான்கு லாமின்கள்.

நேசரி தொடங்கிய இரண்டாவது கிழமை, மகனைக் கூட்டிப் போக நிப்றாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். உள்ளே டீச்சர் பாய்களைச் சுருட்டி வைக்கும் நேரம். பழக்கத்தில் வாய் தவறிவிட்டது.

"லாமின், இந்தப் பாயச் சுருட்டுங்க மகன்."

ஐந்து பேர் ஓடி வந்தார்கள். ஐந்து தண்ணீர்ப் போத்தல்கள் கழுத்தில் ஆடின. இரண்டு பேர் ஒரு நுனியில், மூன்று பேர் மறு நுனியில். பாய் சுருண்டு மூலைக்குப் போக அரை நிமிடம் எடுக்கவில்லை.

நிப்றாஸ் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"டீச்சர், இதுல என்ட புள்ள எது?"

"இரிக்கிறத்துல பெரியவன்."

"பகிடியா? ஒருத்தருக்கும் இல்லாத பேர் எண்டுதானே தந்தீங்க? நாலு நிப்றாஸுக்க நான் பட்டது போதாதா? இப்ப அஞ்சு பேருக்குள்ள என்ட மகன்."

"நான் தந்தது ஒங்கட ஒருத்தருக்குத்தான். மத்தவங்க எடுத்ததுக்கு நான் என்ன செய்ய?"

நிப்றாஸ் குரலை உயர்த்தவில்லை. கந்தோர்க்காரர், தாழ்ந்த குரலில்தான் கையெழுத்து மறுப்பார். "றுஸ்னாக்கு அடுத்த மாசம் ஆம்புளப் புள்ள எண்டு கேள்விப்பட்டன். கடைசித் தாள்ல பூட்டி வச்சிரிக்கிறீங்களே ஒரு பேர். நல்லத ஒங்கட வீட்டுக்கு வச்சிக்கிட்டு, சந்தச் சரக்க எங்களுக்குத் தந்திரிக்கிறீங்க. ஏழாம் நாள் வருவன் டீச்சர். அந்தப் பேர எல்லாரும் கேக்கட்டும்."

அந்தப் பேச்சு கேற்றைத் தாண்டிப் போகும் என்று டீச்சருக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்து நின்ற தாய்மார் ஏழு பேர். மூன்று நாளுக்குள் எல்லோர் வாயிலும் அது இருந்தது. டீச்சர் தந்த பெயர் நம்பிக்கையானதுதான். டீச்சர் நம்பிக்கையானவரா என்பதுதான் இப்போது கேள்வி. இருபத்திரண்டு வருட மரியாதை ஒரு தாளில், மூன்று பின்னில் தொங்கியது.

நிப்றாஸ் வந்து போன அன்றைக்கே பின்னேரம் வீட்டில் விசாரணை. பாயிஸ் தன் சைக்கிள் பாகக் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார்.

"இஞ்ச பாருங்க, ஒங்கட லாமின் இரிக்கானே, அவன்ட நாட்டுல அந்தப் பேர் எத்தின பேருக்கு இரிக்கி?"

"நெறய. எங்கட கேம்புலயே நாலு பேர். லாமின் ஃபோர்க்லிஃப்ட், லாமின் குசினி, லாமின் வெல்டிங், மத்தவன் சும்மா லாமின்."

டீச்சர் கறியகப்பையைக் கீழே வைத்தார். "இத ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீ அர்த்தம்தானே கேட்டாய். எத்தின பேர் எண்டு கேக்கல்லியேகா."

மூன்றாவது கேள்வியை ஊர் முழுக்கத் தன்னிடம் கேட்க, தான் அதைக் கணவரிடம் கேட்கவில்லை. ஊரில் இல்லை என்றால் உலகத்தில் இல்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். டீச்சர் தன்மீது கோபப்படுகிறவர் அல்ல; அந்தக் கோபத்தைப் பாயிஸ்மீது வைத்துக்கொண்டு, "எடுங்க போன" என்றார்.

மறுநாள் பகல். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. லாமின் ஃபோர்க்லிஃப்ட் இப்போது சொந்தக் கிராமத்தில் நிலக்கடலை பயிரிடுகிறான். திரையில் பல் முழுக்கச் சிரிப்பு. பாயிஸ் கட்டார் காலத்து அறபு, இங்கிலீஷ், ஹிந்தி மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கதைத்தார். டீச்சருக்கு அவரே மொழிபெயர்ப்பு.

"அவன் சொல்றான், அவங்கட ஆக்கள்ல மூத்த ஆம்புளப் புள்ளைக்கு லாமின் எண்டுதான் வைக்கிறயாம். வீட்டுக்கு ஒண்டு இரிக்குமாம்."

"அப்ப கூப்பிட்டா எப்பிடித் தெரியும் யார் எண்டு?"

கேள்வி அங்கே போய்ச் சேர்ந்ததும் லாமின் விழுந்து விழுந்து சிரித்தான். போனைத் திருப்பி, முற்றத்தைக் காட்டி, ஒரு சத்தம் போட்டான். "லாமின்!" வேலிக்கு அப்பால் ஒருவர் நிமிர்ந்தார். கழுதை வண்டியில் போனவர் கடிவாளத்தை இழுத்தார். வீட்டுக்குள்ளிருந்து அவனுடைய மூத்த மகன் பல் தீட்டியபடி எட்டிப் பார்த்தான்.

"என்ன சொல்றான்?"

"கூப்பிட்டா யாராவது ஒருத்தன் வருவான். தூக்குறதுக்குச் சாமான் இரிந்தா அது போதாதா எண்டு கேக்கான்."

டீச்சர் சிரிக்கவில்லை. பாய் சுருண்டு மூலைக்குப் போன அரை நிமிடம் அவர் கண்ணில் வந்து போனது. பிறகு இடாப்பை எடுத்து ஐந்து லாமின்களையும் வரிசையாகப் பார்த்தார். மூத்த ஆண்பிள்ளை எனப் பார்த்தால் ஒரே ஒருவன். நிப்றாஸின் மகன் உட்பட மற்ற நால்வரும் அண்ணன்மாருக்குரிய பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிற தம்பிகள். காம்பியாக்காரர்கள் கேள்விப்பட்டால் வழக்குப் போடக்கூடும்.

றுஸ்னாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் டீச்சர் கொப்பியோடு மகளின் அறைக்குப் போனார். வீடு கல்யாணத்தோடு மகளுக்கு எழுதிக் கொடுத்தது. டீச்சரும் பாயிஸும் பின்னால் இரண்டு அறைக்கு ஒதுங்கியவர்கள். ஆகவே கதவில் தட்டிவிட்டுத்தான் போனார்.

"மகள், நான் புள்ளைக்கு லாமின் எண்டு வைக்கலாம் எண்டு நினைக்கன். ஒருத்தருக்கும் இல்லாத பேர எங்கட வீட்டுக்கு வச்சா, ஊராக்களுக்குத் தந்தது கூடாத பேர் எண்டு நானே சொன்ன மாதிரி. ஆனா இது ஒனக்கெண்டு வச்ச தாள். நீயே பிரிச்சிப் பாரு. ஒனக்கு இதுதான் வேணுமெண்டா நான் ஒண்டும் சொல்லல்ல."

றுஸ்னா நகத்தால் பின்களைக் கிளப்பினாள். இருபது வருடம் காத்திருந்த தாள். வாசித்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். பக்கத்தில் நின்ற கணவன் சியாமிடம் கொடுத்தாள். சியாம் வாசித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

"உம்மா" என்றாள் றுஸ்னா மிக மெதுவாக. "லாமினே இரிக்கட்டும்."

"ஏன், இது வடிவில்லியா?"

"வடிவுதான். லாமின் இன்னும் வடிவு."

தான் எடுத்த முடிவே நிறைவேறியும் டீச்சருக்கு எங்கோ சுருக்கென்றது. தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஏழாம் நாள் நிப்றாஸ் சொன்னபடி வந்தார். வேறு பலரும், அழைப்பு இல்லாதவர்களும், அந்தப் பெயரைக் கேட்க வந்திருந்தார்கள். முடி களைந்தாயிற்று. மௌலவி பெயரைக் கேட்டார். டீச்சர் பெண்கள் பக்கத்து வாசலில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"லாமின்."

நாற்பது பேர் இருக்கும் வீட்டில் எல்லாத் தலைகளும் நிப்றாஸ் பக்கம் திரும்பின. டீச்சர் நிப்றாஸைப் பார்த்துக் கதைத்தார். "ஒங்கட மகனுக்குத் தந்தத்ததான் என்ட மகள்ர மகனுக்கும் தந்திரிக்கன். இது ஒருத்தன் தனிய வச்சிரிக்கிற பேரில்ல. அது இப்பதான் எனக்கே தெரியும். ஒண்டு மட்டும் சொல்றன், அந்த நாட்டுல இது மூத்த ஆம்புளப் புள்ளட பேர். அந்தக் கணக்குக்கு இவன்தான் உரிமைக்காரன். ஒங்கட மகனுக்கு நாங்க இரவல் தந்திரிக்கம்."

முதலில் சிரித்தது நிப்றாஸின் மனைவிதான். பிறகு வீடே சிரித்தது. நிப்றாஸும் சிரித்தார், சந்தச் சரக்கு என்ற சொல் அன்றோடு மருதமுனையில் செல்லாமல் போயிற்று.

ஆட்கள் சோற்றுக்கு உட்கார்ந்த நேரம் அவர் மெல்ல டீச்சரிடம் ஒதுங்கினார். குரல் கந்தோர்க் குரலைவிடத் தாழ்ந்திருந்தது.

"டீச்சர், அந்தத் தாள்ல இரிந்த பேர் அப்ப சும்மாதானே இரிக்கி?"

"ஓம். ஏன்?"

"எங்கட வீட்டுலயும் மறுகா ஒண்டு வருது. நாலாவது. இந்த முற 'ல' இல்லாட்டியும் காரியமில்ல. ஒருத்தருக்கும் இரிக்கப்படாது, அவ்வளவுதான்."

டீச்சர் உள்ளே போய்த் தாளை எடுத்துவந்து கொடுத்தார். நிப்றாஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு பிரித்தார். அவருடைய உதடுகள் ஒருமுறை அசைந்தன. நடுவில் நின்றன. முதலிலிருந்து மறுபடி அசைந்தன. மெதுவாக மடித்து, வந்த மடிப்பிலேயே மடித்து, திருப்பி நீட்டினார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. லாமின் மாதிரி லேசா ஒண்டு இல்லியா?"

அந்தத் தாள் இப்போதும் கொப்பியின் கடைசியில்தான் இருக்கிறது. பின் அடிக்கவில்லை. சிவப்புக் கோடும் இல்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒருவருக்கும் இல்லாத பெயர். அதற்கு மட்டும் டீச்சர் இன்றைக்கும் முழு உத்தரவாதம் தருகிறார்.