சம்பத் வாசிக்கும் படக்கதை

ஏகாம்பரகுப்பத்தில் ரயில் கிளம்பியதும் சம்பத் தொண்டையைச் செருமுகிறான். எதிர் இருக்கையில் பேச்சு ஓயவில்லையென்றால் இன்னொரு செருமல். பெட்டி அடங்கிய பிறகுதான் பையிலிருந்து கதைப் புத்தகம் வெளியே வரும். ரேணிகுண்டா வரை அவன் வாசிப்பான். மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். என் அக்கா சந்திரம்மாவின் மகன். என் அண்ணன் நாகபூஷணம் இவனைத் திருத்தணியில் தன் வீட்டில் வைத்துப் பத்தாவது வரை படிக்க வைத்தான். ரேணிகுண்டாப் பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவன், ரயிலில் மட்டும் புலவர்.

வாசிக்கும்போது சொந்தச் சரக்கையும் கலந்துவிடுவான். கதையில் மருமகள் வந்தால் தீர்ந்தது. எழுதியவர் கொடுக்காத திட்டெல்லாம் வாங்குவாள். அப்பன் வழிப் புத்தி. ஊருக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டியே இரண்டு சம்பந்தங்களைக் கலைத்தவர் அவர்.

சம்பத்தின் மகள் ரக்ஷிதா சென்னையிலிருந்து ஒரு கிராஃபிக் நாவல் அனுப்பினாள், கட்டம் கட்டமாகப் படம் போட்ட கதை. "பால்பல்லு உழாத பசங்க பாக்கறதுடி இது" என்று போனில் சொன்னான். சொன்னவன் தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தானாம். அவன் பெண்டாட்டி ஸ்வர்ணலதா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதை ரயிலுக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. பல் கட்டத் திருப்பதிக்குப் போன நானும் அன்று அந்தப் பெட்டியில் இருந்தேன்.

"கதவாண்ட நின்னுகினு ஓன்னு அழுதா" என்று வாசித்தான். ரேணிகுண்டா விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கும் யசோதா எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணா அழுவுறா? சிரிச்சிக்கினு கீறா."

"அது உள்ளுக்குள்ள அழுவுறது. உனுக்குத் தெரியாது."

கொத்தனார் துலுக்காணமும் தலையை நீட்டினார். "அடுத்த கட்டத்துல புருசன் பஸ் ஏறிட்டான் பாரு. சனியன் தொலஞ்சுதுன்னு சிரிக்கிறா. நீ இன்னா நைனா, இன்னும் கதவாண்டயே கீற?"

சம்பத் உள்ளங்கையால் படங்களை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் வாசித்தான். யார் யாரிடம் சொல்வது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. யசோதா அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"போன வாரம் படிச்சியே, அந்தப் பொம்பளயாவது நெசமா அழுதாளாண்ணா?"

பத்து வருஷம் காது கொடுத்தவள் கேட்கிறாள். சம்பத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

புத்தூர் தாண்டி எழுத்தே இல்லாத ஒரு பக்கம் வந்தது. அந்தப் பெண் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், ஆறு கட்டத்திலும். "அச்சு சரியா உழல" என்று சம்பத் புரட்டப் போனான். யசோதா தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"இருண்ணா. அவ துன்னு முடிக்கட்டும்."

பெட்டியில் யாரும் பேசவில்லை. அவன் செருமாமலே.

ரேணிகுண்டாவில் இறங்கும்போது யசோதா சொன்னாள்: "நாளிக்கும் அதையே எத்துகினு வாண்ணா. நாங்களே பாத்துக்கறோம்."

"பொம்ம புக்கு. யாருக்குனா குடுத்துடப் போறேன்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அவனும் இறங்கினான்.

வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டறைக்கு நேரமாகியும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தான். ஓர் எழுத்தும் இல்லாத தாள். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.