உள்ளான்கள் கொடுத்த நற்சான்று

எங்கள் மனுவுக்கு எதிராக அந்த அதிகாரி மேசைமேல் எடுத்து வைத்த ஆதாரம், நானே எழுதிய கடிதம். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் முதலில் எரிச்சல் வருகிறது. அதிகாரி மேல் அதற்கு அடுத்தபடி. பறவைகள் மேல் ஒன்றும் இல்லை, அவை பாவம்.

எண்பதுகளின் பிற்பகுதி. பம்பாய்ச் செம்பூரில், டிராம்பே போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கழிமுகத்தைப் பார்த்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். எனக்கு ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் ஸ்டெனோ வேலை. அந்தக் காலத்து செம்பூர், மாட்டுங்கா தமிழர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது. பஸ் வரவில்லையா, கடிதம். பால் பூத்தில் வரிசை ஒழுங்கில்லையா, கடிதம். என் கையில் ஆபீஸ் டைப்ரைட்டர் வேறு இருந்தது, கேட்க வேண்டுமா? மதிய இடைவேளையில் தட்டி அனுப்புவேன். அச்சில் வந்த நாளில், ரயிலில் யாராவது அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவேன். வெட்கக்கேடு.

அந்தக் குளிர்காலத்தில் கழிமுகச் சேற்றில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கின. திருநெல்வேலிப் பக்கம் குளத்தோரத்தில் பத்து இருபது பார்த்தவனுக்கு, ஆயிரக்கணக்கில் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. பூமி சூடாகிறது, உயிரினங்கள் அழிகின்றன என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்திருந்த சமயம். நான் விடுவேனா? இப்படிப் பயமுறுத்துகிறீர்களே, எங்கள் கழிமுகத்துக்கு வந்து பாருங்கள், இயற்கை எங்களைக் கைவிடவில்லை என்று ஒரு பக்கம் தட்டி அனுப்பினேன். பெயரோடு, ஊரோடு, கட்டம் கட்டிப் போட்டார்கள்.

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு வருடமாக இளைப்பு. கழிமுகத்தை ஒட்டி ஒரு சிறிய ஆலை இருந்தது, இப்போது அது இல்லை. மாலையில் அதன் புகை எங்கள் பக்கம் திரும்பினால் அரை மணி நேரத்தில் அவள் நெஞ்சு விசிலடிக்கும். கட்டடத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் இதே பாடு. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு இடம் பார்க்கக் கூடாதா என்பார். பம்பாயில் வேறு இடம்! வேறு சட்டை போட்டுக்கொள் என்பது போலச் சொல்வார்.

அச்சில் வந்த கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். மகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே படித்தாள்.

"பறவையப் பத்தி இம்புட்டு எழுதுதீய. அந்தப் பொகையப் பத்தி நாலு வரி எழுதப்படாதா?"

எழுதுகிறேன் என்றேன். பறவைக்கு வந்த உற்சாகம் புகைக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு கட்டடத்தார் எல்லாரும் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்தோம். புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும், வடிகட்டி மாட்டும்வரை ஆலையை நிறுத்த வேண்டும். டைப் அடித்தவன் நான், ஆகவே விசாரணைக்குப் போக வேண்டியவனும் நான். மகளையும் கூட்டிக்கொண்டு மனைவி வந்தாள். பிள்ளை மூச்சு விடுவதை விசாரிக்கிற அதிகாரி தன் காதால் கேட்கட்டும் என்பது அவள் திட்டம். அன்றைக்குப் பார்த்து இவளுக்கு இளைப்பே இல்லை, நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆலைக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு பத்திரிகைத் துண்டை என் முன்னால் தள்ளினார்.

"யே ஆப் நே ஹீ லிக்கா ஹை நா?"

ஆமாம், நான் எழுதியதுதான். பறவைக்கு மனிதனைவிட நெஞ்சு பலவீனம், காற்று கெட்டால் முதலில் ஓடுவது அதுதான், அது ஆயிரக்கணக்கில் வருகிறதென்று நீங்களே சொல்கிறீர்களே என்றார். சோதனை தேவையில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார். மகள் அந்தத் துண்டை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி, "ஐ, அப்பா பேரு!" என்று கத்தினாள்.

அடுத்த வாரம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி விலங்கியல் பேராசிரியரைத் தேடிப் போனேன். கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"சார், சுத்தத்தைத் தேடி அது வரலை. சாக்கடை கலந்த சேத்துலதான் புழு கொழுக்கும். அதைத் திங்க வருது. நாலு மாசம் தின்னுட்டுக் கிளம்பிடும். உங்க பொண்ணு வருஷம் பூரா அங்கேதானே இருக்கா?"

வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, எழுதத்தான் தோன்றியது. பத்திரிகைக்கு மறுப்பு அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒன்றையும் போடவில்லை. அந்தப் பறவைகளைப் பார்க்க எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று யாரோ ஒரு வாசகர் கேட்டிருந்ததை மட்டும் போட்டார்கள்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் மகளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டரிடம் ஓடி ஊசி போட்டு, ஆட்டோவில் திரும்பும்போது மனைவி சொன்னாள்.

"முலுண்டுல எங்க அண்ணன் வீட்ல விட்டுருவோம். பள்ளிக்கூடத்த அங்கனயே மாத்திருங்க. நீங்க இனிமே ஒண்ணும் எழுத வேண்டாம்."

அவமானமாக இருந்தது.

முலுண்டில் இளைப்பு குறைந்தது. சனிக்கிழமை மதியம் போய்க் கூட்டி வருவேன், ஞாயிறு மாலை குர்லாவில் வண்டி மாறிக் கொண்டுபோய் விடுவேன். முதல் இரண்டு மாதம் இங்கிருந்து கிளம்பும்போதெல்லாம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையை நிறுத்தினால் போதும் என்று நானும் சாக்லேட்டெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன்.

பள்ளி ஆண்டு முடியும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கே காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் இன்னும் சட்டை மாட்டவில்லை. அவள் தானாகவே பையைத் தோளில் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"வாங்கப்பா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள். முலுண்டைத்தான் சொன்னாள்.